போட்டோவுக்குக் கையில் ஒரு பொருள்

போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது சீப்பையோ பவுடர் டப்பாவையோ அல்ல; என் கணவர் கையில் கொடுக்க ஒரு பொருளை. துண்டு, மஞ்சள் பை, தாம்பாளத் தட்டு, யாராவது ஒரு கைக்குழந்தை, ஒன்றும் அகப்படாவிட்டால் அன்றைய பேப்பர். புதிதாகப் பார்ப்பவர்கள் இது ஏதோ குடும்ப வழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். வழக்கமும் இல்லை, சாஸ்திரமும் இல்லை. 2006-ம் வருஷம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அவர் வேலை பார்த்த இடத்தில் பவர் பிரஸ்ஸில் வலது கை மாட்டி, ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன. அதற்குப் பிறகு எடுத்த ஒரு போட்டோவிலும் அந்தக் கை கிடையாது.

இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தானாகவே நடந்து வந்தது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2024-ல் என் மகள் அந்தக் கல்லூரி வேலையைக் கொண்டுவரும் வரைக்கும்.

மூத்தவள் சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறாள். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பித்த ஓவியப் பள்ளிதான் வளர்ந்து இந்தக் கல்லூரி ஆனதாம். காலையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கினால் நடந்து போகிற தூரம்தான். "பொம்பளைப் பிள்ளைக்கு டிராயிங் படிப்பா?" என்று கேட்காத உறவினர் இல்லை. அந்தக் கதையை இங்கே எழுத ஆரம்பித்தால் இந்த இதழ் முழுவதும் எனக்கே வேண்டியிருக்கும். போகட்டும்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், "அம்மா, நடிச்சு எடுக்கிற போட்டோ பத்து எடுக்கணும். வீட்ல இருக்கிற சாமானை வச்சி, வீட்ல இருக்கிறவங்களைப் பத்தி" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சினிமா ஸ்டில் மாதிரியா?" என்று கேட்டேன். "கிட்டத்தட்ட அதேதான்மா. ஆனா சினிமாவே இருக்காது, ஸ்டில் மட்டும்தான் இருக்கும்" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே அப்படி ஒருத்தர் செய்திருக்கிறார். சிண்டி ஷெர்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1977-லிருந்து 1980 வரை, எடுக்கவே எடுக்காத சினிமாக்களுக்கு ஸ்டில் எடுத்திருக்கிறார். எல்லாப் படத்திலும் கதாநாயகி அவரேதான். ஒரு படத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு சமையலறைத் தொட்டி பக்கத்தில் நிற்கிறார். முன்னால் பாத்திரத்தின் கைப்பிடியும் சோப்பு பாட்டிலும் தெரிகிறது. திரும்பி யாரையோ பார்க்கிறார். வந்தது புருஷனா, கடன்காரனா, சொல்லவில்லை. இன்னொன்றில் வாங்கி வந்த மளிகை தரையில் கொட்டிக் கிடக்க, குனிந்தபடி நிமிர்ந்து பார்க்கிறார். மகள் செல்போனில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். எனக்கென்னவோ அந்த அம்மாள் கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரிதான் இருந்தது.

நம் பக்கத்திலேயே பெங்களூரில் புஷ்பமாலா என்று ஒருவர் இருக்கிறார். சிற்பம் படித்தவர், பிறகு தானே வேஷம் கட்டிப் போட்டோவில் நிற்கத் தொடங்கினார். 2000-லிருந்து 2004 வரை கிளேர் ஆர்னி என்ற பெண் போட்டோகிராபரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களை இதுவரை யார் யார் எப்படி எப்படிப் படம் போட்டு வைத்தார்களோ அதையெல்லாம் திரும்ப நடித்து எடுத்திருக்கிறார். ரவி வர்மா காலண்டர் லட்சுமியாக நிற்கிறார். பழைய தமிழ்ப்பட ஸ்டில்லில் ஜெயலலிதா இருந்த மாதிரி சாட்டை பிடித்து நிற்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில் மலைஜாதிப் பெண்களைக் கட்டம் போட்ட துணிக்கு முன்னால் நிறுத்தி, மாட்டுச்சந்தையில் அளவு பார்ப்பது போலப் படமெடுத்தார்களே, அப்படியும் நிற்கிறார். காலண்டர் லட்சுமியை நான் தினமும் கும்பிடுகிறேன். அந்தத் தாமரையும் குடமும் ஒரு பெண் கையில் கனக்கும் என்பது அந்தப் போட்டோவைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. அதற்கு முன்பே, 1998-ல், ஒரு குடும்பப் பெண்ணையும், அவள் கனவில் தங்க நிற கவுன் போட்டு வருகிற இன்னொருத்தியையும் இவரே இரண்டு வேஷமாக நடித்து, படத்துக்குக் கையால் வர்ணம் பூசியிருக்கிறார். அதைப் பார்த்து நானும் மகளும் சிரித்தோம். சிரித்த பிறகு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது மூன்றாவது ஆள். கேரி மே வீம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, அமெரிக்காவில் 1990-ல் எடுத்தது. இருபது போட்டோ. எல்லாம் ஒரே மேஜை. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான். மேலே ஒரே விளக்கு தொங்குகிறது. மேஜையின் தலைமாட்டில் அவர், அல்லது ஒரு ஆண், அல்லது ஒரு சிறுமி, அல்லது சிநேகிதிகள். மேஜைமேல் இருக்கிற சாமான்தான் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் சீட்டுக்கட்டும் கிளாசும். ஒரு நாள் அந்த ஆள் பேப்பருக்குப் பின்னால் மறைந்து படித்துக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் தாயும் மகளும் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி வைத்து உதட்டுக்குச் சாயம் பூசுகிறார்கள். மகள் தாயைப் பார்க்கவில்லை, ஆனாலும் கை அப்படியே தாய் கை மாதிரியே இருக்கிறது. கடைசியில் ஆளெல்லாம் போய், அவள் ஒருத்தி உட்கார்ந்து தனக்குத்தானே சீட்டாடிக்கொண்டிருக்கிறாள். சண்டை வந்ததா, அவன் போய்விட்டானா என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சாமானை மாற்றி வைத்தால் உறவே மாறிப் போய்விடுகிறதே என்று இருந்தது எனக்கு. வீட்டில் தட்டைக் கழுவி எடுத்து வைக்கிறவளுக்கு இது புதிதல்ல. யார் யாரோடு கோபம் என்பதை எந்தத் தட்டில் சோறு மிச்சம் என்பதை வைத்தே சொல்லிவிடுவோம் இல்லையா?

மகளிடம் சொன்னேன்: "இதெல்லாம் உங்க காலேஜ்ல இப்பத்தான் சொல்லிக்குடுக்கிறாங்க. நாங்க எப்பவோ பண்ணிட்டோம்." அவள் சிரித்தாள். நான் டிரங்குப் பெட்டியை இறக்கினேன்.

என் மாமனார் மாமியார் போட்டோ, 1974-ல் பொன்னேரியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. மாமனார் நாற்காலியில், அத்தை பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கை வைத்திருக்கிறார். பின்னால் திரையில் மாடிப்படி, தூண், ஒரு மயில். முக்காலிமேல் ரேடியோ. மாமனார் மணிக்கட்டில் வாட்ச், அது தெரிகிற மாதிரி முழங்கால்மேல் கை. அத்தை இருந்தவரை இந்தப் போட்டோவை எடுக்கும் போதெல்லாம், "அந்த வாட்சு நம்மளுது இல்லடி. ரேடியோவும் இல்ல. அந்தாளு கையில கட்டிவுட்டாரு, எடுத்ததும் அவுத்துக்கினாரு" என்பார். அவர்களுக்குக் கவரப்பேட்டைப் பக்கம் அரை ஏக்கர் நிலம். மணி பார்த்துச் செய்கிற வேலை ஒன்றுமே கிடையாது. "பின்னே எது அத்தை நம்மளது?" என்று ஒரு தடவை கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நாற்காலிய பிடிச்சிக்கினு நிக்கிறேன் பாரு, அது நானு" என்றார். கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லாமல், வேறு பெண் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்த சமயமாம் அது.

ஸ்டூடியோக்காரர்கள் இப்படி ரேடியோ, டெலிபோன், பூச்சாடி, தடிப் புஸ்தகம் எல்லாம் வைத்திருந்தது நம் பாட்டி தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. படிக்கத் தெரியாதவர் கையிலும் புஸ்தகம். செருப்பில்லாதவர் காலுக்கும் ஷூ. பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் 1880-லிருந்து 1980 வரைக்குமான தமிழ்நாட்டு ஸ்டூடியோ போட்டோக்களைத் தேடித் தேடிக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு நடந்த வேலை. நாம் பரணில் கரையானுக்கு விட்டதை அவர்கள் பொக்கிஷமாக வைக்கிறார்கள். (சகோதரிகள் யாரிடமாவது பழைய போட்டோ இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகிதக் கவரில் வைப்பது நல்லது. அத்தையின் போட்டோவில் ஒரு மயில் போனது என் ஈரத்துணியால்தான்.)

அடுத்தது என் ஜடைப் போட்டோ. நான் திருவள்ளூர்ப் பெண். வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு ஒரு தெரு தள்ளி எங்கள் வீடு. 1995-ல் மஞ்சள் நீராட்டு முடிந்து, தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்த ஜடையோடு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார்கள். பெரிய கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் சாய்த்து உட்கார வைப்பார்கள். முகம் நேராகத் தெரிய வேண்டும், ஜடை கண்ணாடியில் தெரிய வேண்டும். கழுத்து வலி சொல்லி மாளாது. ராக்கொடியும் சூரியப் பிரபை சந்திரப் பிரபையும் வாடகைக்கு எடுத்தது. என் மகளுக்கும் 2016-ல் அதேமாதிரி எடுத்தோம். அவளுக்குப் பிடிக்கவே இல்லை. "கண்ணாடியில தெரியுறது அம்மா செலவு பண்ண பூ. இந்தப் பக்கம் தெரியுறது என் அழுமூஞ்சி" என்பாள். அந்த விழாவில் எடுத்த குடும்பப் போட்டோவில் இவர் சீர்த்தட்டு ஒன்றை ஏந்தியிருக்கிறார். இடது கை விரல்கள் தட்டின் விளிம்பில்; வலது கை தட்டுக்கு அடியில்.

மகள் அந்தப் போட்டோவையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைக் கிளறி, 2006-க்குப் பிறகு எடுத்ததையெல்லாம் தனியாக எடுத்து அடுக்கினாள். நான் சோறு வடிக்கப் போய்விட்டேன்.

விபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலால் பெடலை மிதித்தால் இறங்குகிற பிரஸ் அது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும் என்கிற மாதிரி மிஷின்கள் உண்டு. கையிரண்டும் பட்டனில் இருந்தால் பிரஸ்ஸுக்குள் போக வழியில்லை. அந்த இடத்தில் அது இல்லை. அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை. வெட்டுப்பட்ட விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைத்தான் ஐஸ்மேல் வைக்க வேண்டும், விரலை நேராக ஐஸில் போடக்கூடாது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் இவருடையது வெட்டு அல்ல, நசுங்கல். ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கேதான் புண்ணை ஆற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி மிச்சக் கைக்குப் பலம் வரவழைத்தார்கள். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம் என்று அப்போதைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையில் இருந்தது. சதவீதம் இருபதுதான். ஆனால் சோறு பிசைந்து சாப்பிடப் பழக ஆறு மாதம் ஆயிற்று. இப்போது வேறொரு இடத்தில் ஸ்டோர் கீப்பர். கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பேனாவைப் பிடித்து என்னைவிட அழகாக எழுதுகிறார். மழை நாளில் இல்லாத விரல் வலிக்கிறது என்பார். டாக்டர்கள் அது உண்மையான வலிதான் என்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீட்டுக்குள் என் கணவர் உட்கார்ந்திருந்தார். பழைய காக்கிச் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் துண்டு. கிட்டே போய்ப் பார்த்தால் மகள்! தலைமுடியை உள்ளே சொருகி, மையால் மீசை வரைந்துகொண்டு, எதிரில் ஸ்டாண்டில் காமிரா. தம்பி பட்டன் அமுக்குகிறான். ஒவ்வொரு பழைய போட்டோவிலும் அப்பா எப்படி உட்கார்ந்தாரோ, எதைப் பிடித்தாரோ, அப்படியே ஒன்பது போட்டோ. மஞ்சள் பை. தட்டு. பேப்பர். டிபன் கேரியர். கைக்குழந்தைக்குப் பதில் ஒரு தலையணை.

எனக்கு வந்த கோபம்! "அப்பாவைக் கேலி பண்றியா? இதைக் கொண்டுபோய் ஊரு பார்க்க மாட்டப் போறியா?" என்று கத்தினேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. துண்டை மெதுவாக எடுத்தாள். உள்ளே வலது கையில் இரண்டு விரலை மடக்கி, பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாள். "வெளியில தெரியாதேடி, எதுக்கு இது?" என்றேன். "தெரியாதும்மா. ஆனா மறைச்சி வச்சிருக்கும்போது உள்ளே எப்படி இருக்கும்னு தெரிய வேணாமா?" என்றாள். காலையிலிருந்து அப்படியே இருந்ததில் அந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. பிளாஸ்திரியை நான்தான் பிரித்துவிட்டேன்.

இவரிடம் காட்டக் கூடாது என்று நான் சொன்னேன். காட்டாமல் கல்லூரியில் வைக்க மாட்டேன் என்று அவள் சொன்னாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, இவர் சாப்பிட்டு எழுந்ததும், அவளே ஒன்பது போட்டோவையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். நான் அடுப்படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன் என்று நினைக்கிறேன்.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். மஞ்சள் பை படத்தில் நிறுத்தினார். "பையை இப்படியா வச்சிக்கினு நிப்பேன்? காதை மணிக்கட்டுல மாட்டிக்கினு, பையைத் திருப்பி முன்னால வுடணும். இல்லாட்டிச் சந்துல கை தெரியும்" என்றார். எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து, எப்படி என்று செய்து காட்டினார்! அப்புறம் குழந்தைக்கு: "தலையைத் தாங்குற மாதிரி முதுகுக்குப் பின்னால வுடணும். உன் தம்பியை அப்படித்தான்." பேப்பர்தான் லேசாம், ஆனால் காற்றடித்தால் உதவாதாம். பதினெட்டு வருஷத்துக் கைத்தொழிலை மகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். இவ்வளவு யோசித்தா செய்தார்! எனக்கு அதுவரை தெரியாது.

துண்டுப் படம் கடைசியாக வந்தது. என் தம்பி கல்யாணம், 2007, திருவள்ளூரில். அந்தப் படத்தை மட்டும் அவர் திருத்தவில்லை. "இது சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "முதல் துண்டு நீதானே போட்ட" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். எனக்குச் சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்தது. மணமேடை. குரூப் போட்டோவுக்காக எல்லோரும் நெருக்கி நிற்கிறோம். புண் ஆறின புதிது. என் பெரியம்மா இவர் கையையே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கைமேல் போட்டு, "போட்டோல நல்லாருக்கும்ங்க" என்றேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரும் போட வேண்டியிருக்கவில்லை.

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்..." என்று ஆரம்பித்தேன். "எனக்கா?" என்றார். அவ்வளவுதான். படுக்கப் போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அவருக்காகத்தான் செய்தேன் என்று பதினேழு வருஷமாக... இல்லை, அப்படிக்கூடச் சொல்ல முடியாது. செய்ததையே மறந்துவிட்டேனே. உள்ளதைச் சொன்னால், பெரியம்மாவின் பார்வையைத் தாங்க முடியாமல் போனது எனக்குத்தான். திருவள்ளூரிலிருந்து கம்பெனி மாப்பிள்ளை என்று கட்டிக்கொடுத்த பெருமை, என் பிறந்த வீட்டு மனிதர்கள் முன்னால் குறையக் கூடாது என்று இருந்தேன். ஸ்டூடியோக்காரர் என் மாமனாருக்கு இல்லாத வாட்சைக் கட்டிவிட்டார்; நான் இருக்கிற கையை எடுத்துவிட்டேன்.

காலையில் காப்பி கொடுக்கும்போது, "தப்புதாங்க" என்றேன். "என்னா தப்பு?" என்றார், நிஜமாகவே மறந்தவர் போல. "துண்டு" என்றேன். காப்பியை ஆற்றிக்கொண்டே, "உன் பெரியம்மா போய்ச் சேர்ந்தே ஆறு வருஷம் ஆவுது" என்றார். மன்னித்தாரா, பேச்சை மாற்றினாரா, இரண்டும் ஒன்றுதானா, இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பத்தாவது போட்டோ அதற்கடுத்த வாரம். எங்கள் கல்யாணமான புதிதில், 2002-ல், இருவரும் பொன்னேரியில் எடுத்துக்கொண்டது. பின்னால் அருவித் திரை. வட்ட மேஜைமேல் சிவப்பு டெலிபோன். இவர் வலது கையில் ரிசீவரைப் பிடித்துக் காதில் வைத்து யாரோ பெரிய மனுஷரோடு பேசுகிற மாதிரி. நான் கன்னத்தில் கை வைத்து அவரையே பார்க்கிற மாதிரி. அந்தக் காலத்துக் கூத்து! "அதையே திரும்ப எடுக்கலாம்பா, இந்தத் தடவை நீங்களே உட்காருங்க" என்றாள் மகள். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர்க் கடை. பரணில் எங்கள் பழைய லேண்ட்லைன் போன் கிடந்தது, கறுப்பு. அதைத் துடைத்து வைத்தாள். அருவிக்குப் பதில் என் நீலச் சேலை ஒன்றைக் கொடியில் விரித்துவிட்டாள். கொடியும் கிளிப்பும் படத்தில் தெரிகிறதே என்றேன். "தெரியட்டும்மா, புஷ்பமாலா படத்துலயும் திரை திரையாவேதான் தெரியும்" என்றாள்.

இவர் இடது கையால் ரிசீவரை எடுத்தார். பழக்கம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியும் சொல்லவில்லை. நான் எழுந்துபோய் ரிசீவரை வாங்கி அவருடைய வலது கையில் கொடுத்தேன். கட்டை விரலும் மற்ற இரண்டு விரலுமாகப் பிடித்துக்கொண்டார். திரும்ப வந்து உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்தேன். நாற்பது வயதுக்கு மேல் அப்படி உட்கார வெட்கமாக இருந்தது. "சிரிக்காதீங்க ரெண்டு பேரும்" என்று மகள் அதட்டினாள். ஏழெட்டுத் தடவை எடுத்தாள். ஒரு தடவை சட்டைப் பட்டன் சரியில்லை என்று இவரே திரும்ப எடுக்கச் சொன்னார்.

ஒன்பதைக் கல்லூரியில் வைக்க ஒப்புக்கொண்டார். "அது நீ வேஷம் கட்டினது. இது நான். இது வீட்லயே இருக்கட்டும்" என்று பத்தாவதைக் கொடுக்க மறுத்துவிட்டார். மகளுக்கு வருத்தம்தான், ஒன்பதை வைத்துவிட்டு, பத்தாவதின் இடத்தில் காலிப் பிரேம் ஒன்றை மாட்டினாளாம். எனக்குக்கூட அது வெளியில் போயிருக்கலாமே என்று இருந்தது. ஆனால் அந்தக் கையைப் பற்றி முடிவு செய்ய எனக்கு இனிமேல் வாயில்லை.

போட்டோ இப்போது எங்கள் கூடத்தில், 2002 போட்டோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் தயிருக்கு உறை மோர் வாங்க வந்தவர் நின்று பார்த்தார். "ஏம்மா, போன் ஒயரு அவுந்து தொங்குதே, பார்த்து எடுக்கக் கூடாதா?" என்றார். கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கவில்லையோ, பார்த்தும் கேட்கவில்லையோ, தெரியாது. நான் மோரை எடுத்து வரப் போனேன்.